சினைப்பை நீர்க்கட்டி: காத்திருக்கச் சொன்ன மூன்று மாதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் அண்மையில் வெளியான சினைப்பை நீர்க்கட்டி பற்றிய கட்டுரையைப் படித்தேன். பெரும்பாலான நீர்க்கட்டிகள் தீங்கற்றவை, இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குள் தாமாகவே மறைந்துவிடும், ஆகவே பதறாமல் காத்திருந்து மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று மாதங்களை, வலியோடு, வேலைக்கும் போய்க்கொண்டு, ஒரு பெண் எப்படிக் கழிப்பது என்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அந்த மாதங்களை நான் கழித்திருக்கிறேன். என் நாத்தனாரும் கழித்திருக்கிறாள். எனக்கு நல்லபடியாக முடிந்தது; அவளுக்கு அப்படி முடியவில்லை. இந்தக் கடிதம் நீண்டுவிட்டதற்கு அதுதான் காரணம், பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் கோத்தகிரி வட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 1964 ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. என் தாயார் உடல் ஒத்துழைத்த வரை தேயிலைக் கொழுந்து பறித்தவர். என் கணவரின் தங்கை இன்றும் பறிக்கிறாள். எங்கள் வீட்டுப் பெண்கள் வயிற்றுவலி என்று சொல்லி ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருந்ததை நான் சிறு வயதில் பார்த்ததே இல்லை. வலி இல்லாததால் அல்ல, அன்றைய சம்பளம் போய்விடும் என்பதால்தான் என்று புரிந்துகொள்ள எனக்கே வலி வரவேண்டியிருந்தது.

எனக்கு அப்போது 37 வயது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்த ஒரு நாள், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது வலது அடிவயிற்றில் யாரோ கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் ஓர் இழுப்பு. அது தொடை வரை இறங்கியது; இடுப்பின் பின்புறமும் கனத்தது. மாலையில் பேருந்தில் வரும்போது ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கல் ஆடியது. முதலில் பார்த்த மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமலேயே, இது எல்லாப் பெண்களுக்கும் உள்ள வலிதான் என்று கூறி, பத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆறு வாரம் கழித்து வேறொரு பெண் மருத்துவரிடம் போனேன். அவர்தான் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நீலகிரிக் குளிரில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு, வலிக்கிற வயிற்றோடு வரிசையில் அமர்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

அறிக்கையில் வலது சினைப்பையில் 5.4 சென்டிமீட்டர் அளவில் இரத்தக் கசிவுள்ள நீர்க்கட்டி என்று எழுதியிருந்தது. இரத்தம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த மருத்துவர் தம் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்து காட்டினார். சினைப்பை ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறிய உறுப்பு. ஒவ்வொரு மாதமும் அதில் முட்டையைத் தாங்கிய ஒரு சிறு பை 2 சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, உடைந்து, முட்டையை வெளியேற்றுகிறது. சில மாதங்களில் அந்தப் பை உடையாமல் மேலும் வளர்ந்துவிடும். சில மாதங்களில் உடைந்த பின் வாய் மூடிக்கொண்டு உள்ளே நீரோ இரத்தமோ சேர்ந்துவிடும். மாதந்தோறும் இயல்பாக நடக்கும் வேலையில் ஒரு மாதம் ஏற்பட்ட பிசகு இது, புற்று அல்ல, பெரும்பாலும் தானே வற்றிவிடும் என்று அவர் சொன்னார். 12 வாரம் கழித்து மறு ஸ்கேன் என்று எழுதி, வெறுமனே மூன்று மாதம் என்று சொல்லாமல், நாட்காட்டியைப் பார்த்துத் தேதியையே குறித்துக் கொடுத்தார். காத்திருப்புக்கு ஒரு முடிவு நாள் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பாதி ஆறுதலாக இருந்தது.

இந்த இடத்தில் நம் மொழி வழக்கில் உள்ள ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். பி.சி.ஓ.டி. என்று சொல்லப்படுவதையும் நாம் நீர்க்கட்டி என்கிறோம். எனக்கு வந்ததையும் நீர்க்கட்டி என்கிறோம். முன்னதில் இருப்பவை 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை அளவுள்ள, முழுதாக வளராத பல சிறு முட்டைப் பைகள். அது சுரப்பிகள் சார்ந்த கோளாறு. மாதவிடாய் தள்ளிப்போகும், முகத்தில் முடி வளரலாம், எடை கூடலாம், ஆனால் கடுமையான வலி அதன் அடையாளம் அல்ல. பின்னது தனியாக, பெரிதாக வளர்ந்த ஒரு கட்டி. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால், எனக்கு நீர்க்கட்டி என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் எல்லோரும் எடையைக் குறை, நடைப்பயிற்சி போ, தாவிக் குதித்து உடற்பயிற்சி செய் என்று அறிவுரை கூறினார்கள். பெரிய கட்டி உள்ளவர் தாவிக் குதிக்கக் கூடாது என்பதை அவர்கள் அறியவில்லை, நானும் அறியவில்லை. கர்ப்பப்பையில் வரும் நார்க்கட்டியையும் இதனோடு சேர்த்து, வயிற்றில் கட்டி என்று ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். எனவே அறிக்கை கையில் கிடைத்ததும், கட்டி எங்கே இருக்கிறது, எத்தனை சென்டிமீட்டர், உள்ளே இருப்பது என்ன என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காத்திருந்தால் போதும் என்பது எல்லாக் கட்டிகளுக்கும் பொருந்தாது என்பதால் இந்தக் கேள்விகள் அவசியமாகின்றன. டெர்மாய்டு என்ற வகைக் கட்டிக்குள் கொழுப்பும் முடியும், சில வேளைகளில் பல்லும்கூட இருக்கும். எத்தனை மாதம் காத்திருந்தாலும் அது கரையாது. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு சினைப்பையில் வளர்ந்து, பழைய இரத்தம் தேங்கி உண்டாகும் சாக்லேட் சிஸ்ட் என்பதும் பெரும்பாலும் தானாகப் போவதில்லை. மாதவிடாய்க்கு முன்பிருந்தே தொடங்கும் கடும் வலியும், தாம்பத்திய உறவின்போது வரும் வலியும் அதன் இயல்பு. கருத்தடை மாத்திரையும் ஏற்கெனவே உள்ள கட்டியைக் கரைப்பதில்லை. முட்டை வெளிப்படுவதை நிறுத்தி, புதிதாக ஒன்று உருவாகாமல் தடுக்கும், அவ்வளவே. மாதவிடாய் நின்றுபோன பெண்களின் நிலை முற்றிலும் வேறு. அந்த வயதில் கட்டி என்றால், அல்லது வாரக்கணக்கில் வயிறு உப்பி, இரண்டு வாய் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்றால், வாயுத்தொல்லை என்று இருந்துவிடாமல் உடனே காட்ட வேண்டும்.

இனி வலிக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் நான் செய்த பெரிய தவறு, தாங்கவே முடியாது என்ற நிலை வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு மாத்திரை போட்டது. முற்றிய வலியை அடக்க மாத்திரைக்கு நெடுநேரம் பிடிக்கும். வலி கடுமையாக உள்ள இரண்டு மூன்று நாட்களுக்கு, மருத்துவர் சொன்ன அளவில், கடிகாரத்தைப் பார்த்து ஒழுங்காக எடுத்துக்கொண்டால் குறைந்த மாத்திரையிலேயே வலி கட்டுக்குள் இருக்கும் என்பதை அந்த மருத்துவர்தான் எனக்கு விளக்கினார். மெஃபனாமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைச் சாப்பிட்ட பிறகே போட வேண்டும். எங்கள் தோட்டங்களில் பெண்கள் காலையில் பால் கலக்காத வெறும் சாயத்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு மலையேறுகிறார்கள். வலிக்குமே என்று முன்கூட்டியே அந்த வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்கள். அது குடலைப் புண்ணாக்கும். அரை இட்லியாவது, ஒரு ரொட்டித் துண்டாவது உள்ளே போகாமல் அந்த மாத்திரையைத் தொடக் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை எடுக்கவே கூடாது. பாராசிட்டமால் ஓரளவு பாதுகாப்பானது என்றாலும் 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவர்களுக்கு ஒரு நாளில் எட்டைத் தாண்டக் கூடாது. கடையில் வாங்கும் சளி மாத்திரையிலும் அதே மருந்து கலந்திருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மாத்திரைக்கு அடுத்தபடி எனக்குக் கைகொடுத்தது சூடு. குளிர்ப் பிரதேசத்தில் வாழும் எங்களுக்குச் சூட்டின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, அடிவயிற்றில் 15, 20 நிமிடம் வைத்திருந்தால் இறுகிக் கிடந்த தசை மெல்ல இளகுவது தெரியும். ரப்பர் பை இல்லாத வீட்டில் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து என் தாயார் ஒத்தடம் கொடுப்பார்; அதுவும் அதே பலனைத் தந்தது. கொதிக்கும் நீரை ஊற்றுவதும், வெறும் தோலில் வைப்பதும், வைத்தபடியே தூங்கிவிடுவதும் கூடாது. வாரக்கணக்கில் ஒரே இடத்தில் அதிகச் சூடு வைத்தால் தோலில் வலைபோல் கறுப்பு படரும். என் வயிற்றில் அது மறைய ஓராண்டு ஆயிற்று. இன்னொன்றையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: வலிக்கு இதமாக இருக்கும் என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். மூடிய அறையில் கரிப்புகை உயிரையே வாங்கிவிடும். நீலகிரியில் அப்படி நேர்ந்த சாவுகளை நாம் அறிவோம்.

எவரும் எழுதக் கூசும் ஒரு செய்தி உண்டு. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போதும், மலச்சிக்கல் இருக்கும்போதும், சினைப்பைக் கட்டியின் வலி இரு மடங்காகிறது. அவை எல்லாம் இடுப்புக்கூட்டுக்குள் நெருங்கிக் கிடக்கும் உறுப்புகள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், கீரையும் பழமும் சாப்பிடுங்கள் என்று சொல்வது எளிது. தேயிலைக் காட்டில் காலை முதல் மாலை வரை நிற்கும் பெண், குடித்த தண்ணீரை எங்கே போய்க் கழிப்பாள்? 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே கழிப்பறையும் மருத்துவ வசதியும் செய்து தருவதை முதலாளியின் கடமையாக்கியது. ஆயினும் கொழுந்து பறிக்கும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் இடையே இன்றும் ஒரு மலை இருக்கிறது. புதர் மறைவுக்குப் போகலாம் என்றால் காட்டெருமை நிற்கும், கரடி வரும். அதனால் என் நாத்தனாரைப் போன்றவர்கள் காலையிலேயே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் குறைவதால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அதனால் மேலும் வலி என்று சுழல்கிறது. மாத்திரை எழுதித் தருவதால் மட்டும் இந்த வலி தீரப்போவதில்லை. தோட்டத்தில் ஒரு கழிப்பறை கட்டுவதும் இதற்கு மருத்துவம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்கு மிகவும் உதவியது ஒரு நோட்டுப் புத்தகம். மாணவன் ஒருவன் மீதம் விட்டுச்சென்ற 40 பக்கக் கட்டுரை நோட்டு அது. தேதி, மாதவிடாய் தொடங்கி எத்தனையாவது நாள், எந்த இடத்தில் வலி, பத்துக்கு எத்தனை, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது குறைந்தது என்று தினமும் ஒரு வரி எழுதி வந்தேன். ஒரு மாதம் முடிந்து புரட்டிப் பார்த்தபோது எனக்கே தெரியாத செய்திகள் அதில் இருந்தன. பத்துக்கு ஏழு, எட்டு என்று எழுதியிருந்த நாட்களில் பெரும்பாலானவை நான் இடைவேளையில்லாமல் இரண்டு வகுப்புகளைச் சேர்த்துப் பார்த்த நாட்கள். அதாவது சிறுநீரை அடக்கிய நாட்கள். பேருந்தில் பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையில் உட்கார்ந்து வந்த நாட்களும் அப்படியே. இரண்டையும் மாற்றிக்கொண்டேன். முன்னிருக்கையில் அமர்ந்து, மடித்த சால்வையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். தலைமையாசிரியையிடம் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் பாடவேளையை மாற்றித் தந்தார். அடுத்த முறை மருத்துவரிடம் வலிக்கிறது என்று மட்டும் சொல்லாமல் நோட்டை நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு மாத்திரையின் நேரத்தை மாற்றி எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காட்டியில் லேசான வலிக்கு ஒரு கோடும், வேலை செய்ய முடியாத வலிக்கு இரண்டு கோடும், படுக்கையில் சாய்த்த வலிக்கு மூன்று கோடும் கிழித்து வைத்தாலே மருத்துவருக்குப் போதும்.

இப்போது என் நாத்தனாரைப் பற்றி. அவளுடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அவளுக்கு அப்போது 34 வயது, இரண்டு பிள்ளைகள். இடது சினைப்பையில் 7 சென்டிமீட்டர் டெர்மாய்டு கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க ஒரு மாதத்தில் கணவரோடு வரும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். கொழுந்து அதிகமாக வரும் பருவம் அது. மூத்தவனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. எனக்குப் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்களே, அதையே தனக்கும் சொன்னதாக அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். நாங்களும் நம்பினோம். மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு எடை போடும் இடத்துக்குச் சரிவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு இடது அடிவயிற்றில் திருகுவதுபோல் வலி; கூடவே வாந்தி. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நெற்றி வேர்வையில் முடி ஒட்டிக் கிடந்தது. "ஒண்ணுமில்லை அண்ணி, பித்தம்தான், காலையில சரியாயிடும்" என்றாள். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம், அதுவும் வாந்தியாகிவிட்டது. இரண்டு மணியளவில் வலி சற்றுத் தணிந்தது; தூங்கிவிட்டாள் என்று நாங்களும் படுத்துவிட்டோம். நான்கு மணிக்கு மீண்டும் வந்தது. மழை, மூடுபனி, பாதையில் காட்டெருமைக் கூட்டம். ஜீப் வந்து சேர்ந்து, முதலில் ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போய், அங்கே முடியாது என்று அடுத்த இடத்துக்கு அனுப்பப்பட்டு, அறுவை சிகிச்சை தொடங்கியபோது நண்பகல் கடந்துவிட்டது. கட்டியின் கனத்தால் சினைப்பை தன் காம்போடு முறுக்கிக்கொண்டு, இரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. அதை அகற்றுவதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

சினைப்பை முறுக்கு என்ற ஒன்று உண்டு என்பதை அன்றுதான் நாங்கள் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி உள்ளவர்களுக்கு இந்த அபாயம் அதிகம். சில மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் சினைப்பையைக் காப்பாற்றிவிட முடியும். முறுக்கு தற்காலிகமாகத் தளர்ந்தால் வலி தணியும். தணிந்ததால் ஆபத்து நீங்கிவிட்டதாகப் பொருள் இல்லை. அந்த இரண்டு மணி நேர அமைதியில்தான் நாங்கள் ஏமாந்தோம். அவள் இன்று நலமாக இருக்கிறாள். ஒரு சினைப்பை போனாலும் மற்றது வேலை செய்யும், மாதவிடாய் தொடரும், குழந்தைப்பேறும் இயலும் என்பதைப் பலரும் அறியாததால் இங்கே எழுதுகிறேன். அவள் ஒரு வருடம் வரை தன்னைக் குறைபட்டவளாக எண்ணிக் கலங்கினாள்; யாராவது முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் அந்தக் கலக்கம் அவளுக்கு வந்திருக்காது.

ஆகவே, காத்திருக்கச் சொல்லும் மருத்துவர் ஒவ்வொருவரும் எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். திடீரென ஒரு பக்கமாகப் பிடிக்கும் கடும் வலி, அதோடு வாந்தி, வலியோடு காய்ச்சல், தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி, உடல் சில்லிட்டு வியர்த்தல், நாள் தள்ளிப்போன நிலையில் அடிவயிற்று வலி. இவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டும். தோள்பட்டை வலியை ஏன் சொல்கிறேன் என்றால், கட்டி உடைந்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் என்ற தசையை உறுத்த, வலி தோளில் தெரியும். சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருப்போம். நாள் தள்ளிய பின் வரும் வலி, கரு கர்ப்பப்பைக்கு வராமல் சினைக்குழாயிலேயே தங்கியதாலும் இருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. கிளம்பும்போது எதையும் உண்ணாமல், ஸ்கேன் அறிக்கையைக் கையோடு எடுத்துக்கொண்டு போவது நல்லது.

சமவெளியில் வாழ்பவர்களுக்கு இந்த அறிகுறிகள் தெரிந்தால் போதும். மலையில் வாழும் நாம் தூரத்தையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். கோத்தகிரியிலிருந்து உதகைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் வளைவுப் பாதை. மழைக்காலத்தில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ பாதை அடைபடும். 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது எங்களுக்குப் பெரும் ஆறுதல். ஆனால் நடுச்சாமத்தில் அங்கே போய்ச் சேர்வது எப்படி என்பதைக் கட்டி இருப்பது தெரிந்த அன்றே வீட்டார் கூடிப் பேசி வைக்க வேண்டும். 108 வண்டி எந்த இடம் வரை வரும், அதுவரை தூக்கி வர யார் இருக்கிறார்கள், யாருடைய ஜீப், அவருடைய எண் எது, எந்த மருத்துவமனையில் இரவிலும் அறுவை சிகிச்சை செய்யவும் மயக்க மருந்து கொடுக்கவும் மருத்துவர் இருப்பார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைக்கலாம். எங்கள் வீட்டில் இப்போது அப்படி ஒரு தாள் இருக்கிறது.

நாட்டு மருந்தைப் பற்றியும் கேட்கிறார்கள். கழற்சிக்காயும் மிளகும் சேர்ந்த பொடி, மலைவேம்புச் சாறு, தொப்புளில் விளக்கெண்ணெய் என்று எனக்கும் பலர் அன்போடு கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் இவை கட்டியைக் கரைக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. தானாகவே மறையக்கூடிய கட்டி மறையும்போது அந்தப் பெருமை பொடிக்குப் போய்விடுகிறது. பிறகு டெர்மாய்டு உள்ள பெண்ணும் அதே பொடியை நம்பி அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறாள். அதேபோல, கட்டி என்றதும் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று அவசரப்படுவோரிடமும் எச்சரிக்கை தேவை. சினைப்பையில் உள்ள சாதாரணக் கட்டிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்தைக் கேட்க எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு.

திருமணமாகாத பெண்பிள்ளைகளைப் பற்றி நினைக்கும்போது என் மனம் கனக்கிறது. வயிற்றில் கட்டி என்று வெளியே தெரிந்தால் வரன் அமையாது என்று தாய்மார்கள் மறைக்கிறார்கள். ஸ்கேன் என்றால் உள்ளே கருவி வைத்துப் பார்ப்பார்கள் என்று பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். சிறுநீர்ப்பை நிறைந்த நிலையில் வயிற்றின் மேலேயே கருவியை வைத்துப் பார்க்க முடியும். மாதாமாதம் வயிற்றுவலி என்று விடுப்பு எடுக்கும் மாணவியைச் சோம்பேறி என்று நினைக்கும் வழக்கம் எங்கள் ஆசிரியர் அறைகளிலும் உண்டு என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அரசிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. 1994 ஆம் ஆண்டின் கருவின் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டத்தின்படி ஸ்கேன் கருவிகளைப் பதிவு செய்த இடங்களில் மட்டுமே பயன்படுத்த முடியும். அந்தச் சட்டம் தேவையானது, அதை நான் குறை கூறவில்லை. கருவியைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர முடியாது என்றால், வட்ட மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாளைப் பெண்களின் இடுப்புப் பகுதி ஸ்கேனுக்கென்று ஒதுக்கி, அந்த நாளை முன்கூட்டியே அறிவித்தால், ஒரு நாள் சம்பளத்தை இழந்து வருபவர்கள் வெறுங்கையோடு திரும்ப நேராது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 முதல் வீடுதோறும் வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறது; வருகிற சகோதரி, அடிவயிற்றில் வலி உண்டா, எத்தனை நாளாக என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். பெரிய கட்டி உள்ளதென்று மருத்துவச் சீட்டு கொண்டுவரும் தொழிலாளிக்கு, மறு ஸ்கேன் முடியும் வரையாவது, மூட்டை தூக்காத வேலையை, சம்பளம் குறையாமல், தோட்ட நிர்வாகம் தர வேண்டும். ஒரு தோட்டத்தில் ஒரே நேரத்தில் இப்படி எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

என் 12 வாரம் முடிந்த அன்று எடுத்த ஸ்கேனில் வலது சினைப்பை இயல்பான அளவுக்குத் திரும்பியிருந்தது. நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே பத்துக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறேன். அந்த நோட்டு இப்போது என் நாத்தனாரின் மகளிடம் இருக்கிறது. மீதமிருந்த பக்கங்களில் அவள் தன் மாதவிடாய்த் தேதிகளைக் குறித்து வருகிறாள்.

தங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். நீர்க்கட்டி பற்றி அடுத்த முறை எழுதும்போது, உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய அறிகுறிகளைத் தனியே கட்டம் கட்டி, பெரிய எழுத்தில், பின்பக்கத்தில் விளம்பரம் வராதபடி அச்சிட்டு உதவுங்கள். எங்கள் லைன் வீடுகளில் பலகைச் சுவரின் இடுக்கு வழியே குளிர்காற்று வராமலிருக்கப் படித்து முடித்த நாளிதழைக் கஞ்சிப் பசையால் ஒட்டி வைப்போம். அந்தப் பக்கத்தைப் படுக்கைக்கு நேரே, கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓர் ஆசிரியை,
கோத்தகிரி வட்டம்,
நீலகிரி மாவட்டம்.